ஏட்டுப் படியும் நாடாப் படியும்: யாழ்ப்பாணத்தில் எழுத்தைக் காத்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

ஒரு சமூகம் தன் எழுத்துச் செல்வத்தை எவ்வாறு காத்து வந்தது என்ற வினாவிற்கு, காத்தவரின் தனிப்பட்ட தியாக வரலாறே பெரும்பாலும் நம்மிடையே விடையாக வழங்கி வந்துள்ளது. அத்தியாகம் மறுக்கற்பாலதன்று. ஆயினும், காத்தல் என்பது மீண்டும் மீண்டும் செய்யப்பட வேண்டிய ஓர் உழைப்பு. அவ்வுழைப்பிற்கு வேண்டிய ஓய்வும் கல்வியும் பொருளும் எவ்வகுப்பாரிடம் இருந்தனவோ, அவர்களது தேவைகளே எது எஞ்சும், எது அழியும் என்பதைப் பெரிதும் தீர்மானித்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் படியெடுத்தல் வரலாற்றை இந்நோக்கிற் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்விற்கு, அலுவலகக் கணனிகளிற் கையாளப்படும் காந்த நாடாச் சுழற்சி முறை எதிர்பாராத ஓர் அளவுகோலைத் தருகின்றது. எனவே அம்முறையை முதலில் விளக்குதல் வேண்டும்.

2

1951இல் யுனிவாக் கணனியோடு தரவுச் சேமிப்பிற்குப் பயன்படத் தொடங்கிய காந்த நாடா, காலப்போக்கில் அலுவலகக் காப்புப் படிகளுக்குரிய சாதனமாயிற்று. ஒரே நாடாவில் நாள்தோறும் படியெடுப்பது போதாது. கணக்கொன்றில் இன்று நேர்ந்த பிழை நான்கு நாள் கழித்தே கண்ணிற்படுமாயின், அதற்குள் அப்பிழையே நல்ல படியின் மீது எழுதப்பட்டுவிடும். இதனைத் தவிர்க்கவே ‘பாட்டன், தந்தை, மகன்’ என்னும் சுழற்சி ஏற்பட்டது. அதன் வழக்கமான வடிவில், திங்கள் முதல் வியாழன் வரைக்குரிய நான்கு நாடாக்கள் வாரந்தோறும் மீள எழுதப்படும். வெள்ளிக்கிழமை நாடா ஒரு மாத காலம் பேணப்படும். மாத இறுதி நாடா ஓராண்டோ அதற்கு மேலோ பேணப்படும்.

இவற்றோடு வேறு இரு விதிகளும் உள. ஒரு தொகுதி நாடாக்கள் வேறொரு கட்டடத்தில் இருத்தல் வேண்டும்; நாடாக்களை இடையிடையே மீளப் படித்துச் சோதித்தல் வேண்டும். தலைமுறை, இடம், புதுப்பித்தல், சோதனை ஆகிய இந்நான்கையும் மனங்கொண்டு நமது மரபை நோக்குவோம்.

3

பனையோலை ஏடு ஈரத்திற்கும் பூச்சிக்கும் இரையாவது. எண்ணெய் பூசிப் பேணினும், கலைமகள் விழாவின்போது தூசு தட்டி எடுத்து வைப்பினும், காலத்திற்குக் காலம் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதினாலன்றி நூல் நிலைக்காது. எழுத்தாணியின் உழைப்பு இவ்வாறு தலைமுறை தோறும் தொடர்ந்தது. ஆனால், பெயர்த்தெழுதிய பின் பழைய ஏடு பெரும்பாலும் கைவிடப்பட்டது. மகன் பிறந்ததும் பாட்டன் மறைந்த நிலை எனலாம். படியெடுத்தவனின் பிழையைத் திருத்த முன்னைய தலைமுறை எஞ்சவில்லை.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது இடப்பரவலே. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) முதலியவற்றைப் பதிப்பித்த காலத்துப் பல இடங்களிலிருந்து ஏடுகளைத் தேடித் தொகுத்தார். ஏடுகள் தொட்ட அளவில் முறிந்து உதிர்ந்த நிலையைத் தம் பதிப்புரையில் விவரித்துள்ளார். வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கைகளாற் பெயர்த்தெழுதப்பட்ட ஏடுகள் வெவ்வேறு இடங்களிற் பிழைபட்டிருக்கும் ஆதலால், ஒன்றின் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுத்தது. பாடபேத ஆராய்ச்சியின் பௌதிக அடிப்படை இதுவே.

சோதனை என்னும் விதியும் ஒருவகையில் நிறைவேறியது. கோயில்களில் ஆண்டுதோறும் நிகழ்ந்த புராண படனத்தில் கந்தபுராணம் பலர் முன்னிலையில் வாசித்துப் பயன் சொல்லப்பட்டது. இவ்வாறு ஓயாது கையாளப்பட்ட நூல் மறக்கப்படுவதற்கு இடமிருக்கவில்லை.

ஆயின், இவை எவ்வகை நூல்கள் என்பதையும் நோக்குதல் வேண்டும். சமயம், இலக்கணம், வைத்தியம், சோதிடம் ஆகியனவே எழுத்தாணியின் கவனத்தைப் பெற்றன. எழுத்தறிவு சாதியாலும் நிலவுடைமையாலும் வரையறுக்கப்பட்டிருந்த சமூகத்தில், வயலிலும் கடலிலும் உழைத்தோரின் பாடல்கள் பாடியவர் நினைவிலேயே வாழ்ந்தன. பாடியவர் மறைந்தபோது அவற்றுட் பல மறைந்தன.

4

மானிப்பாயில் 1830களில் இயங்கத் தொடங்கிய அமெரிக்க மிஷன் அச்சகமும், 1841இல் வெளிவரத் தொடங்கிய ‘உதயதாரகை’யும், 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சுக்கூடமும் இந்நிலையை மாற்றின. ஓர் எழுத்துக் கோப்பிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் பிறந்து பல இடங்களுக்குச் சென்றன. எனினும் அச்சு மூலதனத்தை வேண்டி நிற்பது. வாங்குவோரோ புரவலரோ உள்ள நூல்களே பெருகின. ஏனையவை கையெழுத்தாகவும் ஒற்றைப் படியாகவும் தங்கின.

இவ்வேறுபாட்டின் விளைவை 1981 கொடூரமாக வெளிப்படுத்தியது. க. மு. செல்லப்பா 1930களிற் சிறு அளவில் தொடங்கிய முயற்சி, 1959இல் யாழ்ப்பாணப் பொது நூலகமாகப் புதிய கட்டடத்திற் குடிபுகுந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு, காவல்துறையினர் உள்ளிட்ட கும்பல் அதற்குத் தீயிட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன.

ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையின் சுவடியும் எரிந்தவற்றுள் ஒன்றாகக் கூறப்படுகின்றது. சுவடி போயிற்று, நூலோ போகவில்லை. 1879இலேயே பிறிற்றோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு கொழும்பில் வெளிவந்திருந்தது, பிற்காலத்தில் குல. சபாநாதனின் பதிப்பும் பல கைகளை அடைந்திருந்தது. இரண்டாவது இடம் இல்லாதிருந்த எழுத்துக்கே அத்தீ இறுதியாயிற்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாம மக்கள் கையில் எடுத்தவற்றோடு இடம்பெயர்ந்தபோது, வீட்டுப் பெட்டகங்களிற் கிடந்த ஒற்றைப் படிகளுக்கும் இக்கதியே நேர்ந்தது.

தீயிட்டோரின் குற்றம் இதனாற் குறைவதன்று. நூலகத்தை எரித்தவர் பொறுப்பு வேறு. ஒரு சமூகம் தன் படிகளை எவ்வாறு பரப்பி வைக்கின்றது என்ற வினா வேறு. முதலாவது நீதியைச் சார்ந்தது. இரண்டாவது நம் கையிலுள்ளது.

5

2005இல் தன்னார்வலர் முயற்சியாகத் தொடங்கிய நூலகம் மின்னூலகம், சிறுசஞ்சிகைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் எண்ணிமப்படுத்தி இவ்வினாவிற்கு விடை காண முயன்றது. சந்தை கைவிட்டவற்றைக் கூட்டுழைப்பு ஏற்றுக்கொண்டது என்ற வகையில் இது வரலாற்று முக்கியத்துவம் உடையது.

எனினும், எண்ணிமப் படி தானே நிலைக்கும் எனக் கருதுதல் பேதைமை. எல்.ரி.ஓ. வகையின் எட்டாந் தலைமுறை இயந்திரம் ஆறாந் தலைமுறை நாடாவைப் படிக்க மாட்டாது. நாடா பழுதுறாதிருப்பினும், படிக்கும் இயந்திரம் வழக்கொழியுமுன் அதனைப் பெயர்த்தாக வேண்டும். ஏட்டைப் பெயர்த்தெழுதியவனின் பணி முடிந்துவிடவில்லை; அதன் காலவட்டமே குறுகியுள்ளது.

நமது பாடசாலைகள், சனசமூக நிலையங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் பதிவேடுகளும் கூட்டக் குறிப்புக்களும் சாதாரண மக்களின் வரலாறாகும். அவை ஒரே அலுமாரியிலோ ஒரே கணனியிலோ இருக்கும் வரை, 1981இன் பாடத்தை நாம் கற்றோம் எனக் கூறுதற்கில்லை. இரண்டாவது படியை எடுப்பவர் யார், அது எந்த ஊரில் இருக்கும், அதனை எப்பொழுது திறந்து படித்துப் பார்ப்பது ஆகியவற்றை ஒவ்வொரு நிறுவனமும் தன் பொதுக்கூட்டத்தில் முடிவுசெய்து, அப்பொறுப்பை ஆண்டுதோறும் கைமாற்றுதல் வேண்டும்.