ஆடு தொடாத இலை

ஆடு தொடாததால் ஆடாதோடை என்பர். கசப்பு அப்படி! கண்டதையெல்லாம் மேயும் ஆடு விலக்கிவிட்டுப் போன இலையை மனிதன் பறித்தான், இடித்தான், காய்ச்சிக் குடித்தான். நெஞ்சில் கட்டிய கோழை இளகக் கண்டான். ஏடு படித்த மருத்துவனுக்குத் தெரிந்த இம்மருந்து, எழுத்தறியாத கிழவிக்கும் தெரிந்திருந்தது. தறியோசை கேட்கும் எங்கள் ஜலகண்டாபுரத்துக்கு இருமலும் புதிதல்ல, ஆடாதோடைக் கசாயமும் புதிதல்ல.

1753-இல் செடிகளுக்கெல்லாம் இலத்தீன் பெயர் சூட்டிய லின்னேயசு, இதற்கு 'ஜஸ்டிசியா அதாதோடா' என்று எழுதினார். நம் நாட்டுச் சொல் மேனாட்டு ஏட்டில் ஏறிற்று. பெருமைதான். பெயரோடு பெருமை முடிந்துவிட்டதே, அதுதான் குறை!

இலைக்குள் இருப்பது என்ன என்ற கேள்வியை உதகமண்டலத்தில் ஒருவர் கேட்டார். சென்னை அரசின் கொயினா ஆராய்ச்சியாளராக அங்கே பணியாற்றிய டேவிட் ஹூப்பர், 1888-இல் ஆடாதோடையிலிருந்து ஒரு காரப்பொருளைப் பிரித்தெடுத்து 'வாசிசின்' எனப் பெயரிட்டார். 1920-களில் கல்கத்தாவில் சோப்ராவும் அவருடன் உழைத்தோரும் மூச்சுக்குழாயில் அது செய்யும் வேலையை ஆராய்ந்தனர். அதனை முன்மாதிரியாகக் கொண்டு ஜெர்மனியில் புரோம்எக்சின் என்ற மருந்து உருவாகி, 1960-களில் கடைக்கு வந்தது. இன்று சளிக்குத் தரப்படும் ஆம்புராக்சால் அதன் வழித்தோன்றல். வேலியோரத்துச் செடி கடல் கடந்து மாத்திரையாகத் திரும்பிய கதை இது!

இதுவரை மூலிகைப் பிரியர்கள் மகிழ்ந்து கேட்பார்கள். மேலும் கேட்கட்டும். ஜம்முவிலிருந்த வட்டார ஆராய்ச்சிக் கூடம் இதே வாசிசினை மீண்டும் ஆராய்ந்தது. அங்கிருந்து 1980-இல் அட்டால் வெளியிட்ட நூல், தலைப்பிலேயே அதனைக் கருப்பையைச் சுருக்கும் பொருள், கருவைக் கலைக்கும் பொருள் என்று அறிவித்தது. மூச்சுக்குழாயை விரிப்பது கருப்பையைச் சுருக்குகிறது! பேறு எளிதாக இதன் வேரைப் பயன்படுத்தும் வழக்கம் நாட்டு மருத்துவத்திலேயே உண்டு. அந்த அறிவு வேருக்கு நின்றது, இலைக்கு நீளவில்லை. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் ஒன்றில் கரு கலைந்தது, வேறொன்றில் கலையவில்லை. "உறுதியில்லையே, குடித்தால் என்ன?" என்பாருண்டு. உறுதியில்லாத ஒன்றைப் பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றிலா சோதித்துப் பார்ப்பது?

"இங்கிலீசு மருந்து மட்டும் யோக்கியமோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு இருந்ததைத் தமிழ்நாட்டு அரசின் சோதனை காட்டிற்று. வெட்கக்கேடு! ஆனால் அக்குற்றத்தை வெளிக்கொணர்ந்தது ஆய்வுக்கூடம். வீட்டு அடுப்பில் கொதிக்கும் கசாயத்தை எந்த ஆய்வுக்கூடம் அளக்கிறது? இலை எத்தனை, கொதி எவ்வளவு, குடிப்பவர் யார் என்பதெல்லாம் கைக்கணக்கு. இருமும் மகனுக்கு ஊற்றிய சட்டியிலிருந்தே ஐந்து மாத மருமகளுக்கும் ஒரு குவளை ஊற்றுகிறார் மாமியார். அன்புதான், சந்தேகமில்லை. 'மூலிகைக்குப் பக்கவிளைவு கிடையாது' என்று அவருக்குச் சொன்னவர்கள் யார்?

மகனின் கதையும் முடியவில்லை. கசாயம் கோழையை இளக்கும். காசநோய்க் கிருமியை ஒழிக்காது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் சளியைச் சோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசில்லை. கசாயத்திலேயே மூன்று மாதம் கடத்துகிறவர், அந்த மூன்று மாதமும் வீட்டுக் குழந்தைகளின் பக்கத்தில் படுத்து இருமுகிறார்.