‘ஐவருக்கு அனுப்புக’: சங்கிலிக் கட்டளையின் வரலாறும் அதன் மீதான முணுமுணுப்பும்

பிடித்த நூல் எது, பிடித்த உணவு எது, வாழ்வில் மறக்க முடியாத அவமானம் எது என்று இருபத்தைந்து வினாக்கள். இறுதியில், இதே வினாக்களை இன்னும் ஐந்து நண்பர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றொரு கட்டளை. 2000களின் நடுப்பகுதியில் இணையத்தில் எழுதியோரிடையே இத்தகைய சங்கிலி வினாப்பட்டியல்கள் ஓயாமல் சுற்றிவந்தன. 2009இன் தொடக்கத்தில் ‘என்னைப் பற்றிய 25 செய்திகள்’ என்ற வடிவில் முகநூலில் அது உலகளாவிய தொற்றாயிற்று. அதன் பிரியாத் துணையாக வந்தது முணுமுணுப்பு. யார் இதைத் தொடங்கிவைத்தது, எனக்கு வேறு வேலையே இல்லையா, என்னை ஏன் கோத்துவிட்டீர்கள் என்று அங்கலாய்க்கும் முன்னுரை மூன்று பத்திக்கு நீளும். அதன் பின் இருபத்தைந்து வினாக்களுக்கும் ஒழுங்காக விடை வரும். ஐந்து நண்பர்களின் பெயரும் தவறாமல் வரும்.

இதை நகைச்சுவை என்று கடந்துவிடலாம். ஆயினும் வரலாற்று மாணவர் நின்று கேட்க வேண்டிய வினா ஒன்று இதில் உண்டு. ஒரு கட்டளையை அற்பமானது என்று நன்கு அறிந்தவர், அதை அற்பமானது என்று எழுதியும் காட்டுபவர், ஏன் அதற்குக் கீழ்ப்படிகிறார்? யாரும் ஆணையிடாத ஆணைக்கு மக்கள் பணியும் இந்த நிகழ்வு இணையத்தோடு பிறந்ததன்று. இந்தியாவில் அதற்கு நீண்ட முன்வரலாறு உண்டு. அதன் சில பக்கங்களில் சிரிப்புக்கு இடமே இல்லை.

சங்கிலிக் கட்டளையைப் பிரித்துப் பார்த்தால் மூன்று உறுப்புகள் தென்படும்: ஒரு செய்தி, அதைப் படியெடுத்துக் கடத்து என்னும் ஏவல், ஏவலுக்குப் பரிசு அல்லது தண்டனை. மூன்றாம் உறுப்பு இந்திய எழுத்து மரபுக்கு மிகவும் பழக்கமானது. அஷ்டசாகஸ்ரிக பிரஜ்ஞாபாரமிதை, தாமரைச் சூத்திரம் போன்ற மகாயான பௌத்த நூல்கள் தம்மைப் படியெடுப்போருக்குப் பெரும்புண்ணியம் உண்டென்று தாமே அறிவிக்கின்றன. சமணர் சாத்திர தானத்தை அறமாகப் போற்றினர். பல புராணங்களும் தோத்திரங்களும் கற்போர் கேட்போர் பெறும் நூற்பயனைக் கூறியே முடிகின்றன. தண்டனையின் இடம் கல்வெட்டு. தமிழ்க் கல்வெட்டுகளின் இறுதியில் வரும் ஓம்படைக்கிளவி, அறத்துக்கு அழிவு செய்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று எச்சரிக்கும். வடமொழிச் செப்பேடுகளிலும் இத்தகைய சாபச் சுலோகங்கள் உண்டு. ஆனால் ஓம்படைக்கிளவி கேட்டது, இருப்பதை அழியாமல் விட்டுவைப்பதை மட்டுமே. அதைப் படியெடுத்துப் பக்கத்து ஊருக்கு அனுப்பு என்று எந்தக் கல்லும் மிரட்டவில்லை. பாதுகாப்புக்காகப் பிறந்த சாபம் பரப்புதலுக்குக் கைம்மாறியபோதுதான் சங்கிலிக் கட்டளை முழு உருப்பெற்றது.

சாபமே இல்லாமலும் சங்கிலி ஓடக்கூடும் என்பதற்குப் புகழ்பெற்ற சான்று 1857இன் சப்பாத்தி. அவ்வாண்டின் தொடக்க மாதங்களில் வட இந்தியக் கிராமங்களில் சப்பாத்திகள் கைமாறத் தொடங்கின. ஓர் ஊரின் காவலரான சௌகிதார் அடுத்த ஊரின் சௌகிதாரிடம் அவற்றைக் கொடுப்பார். பெற்றவர் அதே போல் இன்னும் சில சப்பாத்திகளைச் சுட்டு மேலும் பல ஊர்களுக்கு அனுப்ப வேண்டும். மதுராவில் மாஜிஸ்திரேட்டாக இருந்த மார்க் தார்ன்ஹில் தம் அலுவலக மேசையிலேயே நான்கு சப்பாத்திகளைக் கண்டார். விசாரித்தபோது, கொண்டுவந்தவர் யார், அடுத்து எங்கே போக வேண்டும் என்பதற்கு மேல் எவராலும் எதுவும் சொல்ல இயலவில்லை. சப்பாத்தியோடு கடிதம் இல்லை, முழக்கம் இல்லை, மிரட்டல் இல்லை. அரசின் அஞ்சலை விஞ்சும் வேகத்தில் அது பயணம் செய்தது.

செய்தி வெறுமையாக இருந்ததால் ஒவ்வொருவரும் தத்தம் அச்சத்தை அதில் நிரப்பிக்கொண்டனர். அரசே அனுப்பியது என்றனர் சிலர். மாவில் எலும்புத்தூள் கலந்து மதத்தைக் கெடுக்கும் சூழ்ச்சி என்றனர் வேறு சிலர். எழுச்சி வெடித்த பிறகு, இது திட்டமிட்ட சதியின் சமிக்ஞை என்று ஆங்கிலேயர் பின்னோக்கி முடிவு கட்டினர். 1858இல் பகதூர் ஷா ஜாபர் மீதான விசாரணையில் சாட்சிகளிடம் சப்பாத்தி பற்றிக் கேட்கப்பட்டது. ரணஜித் குகா 1983இல் வெளியிட்ட விவசாயிகள் எழுச்சி பற்றிய நூலும், ஹோமி பாபாவின் 1994ஆம் ஆண்டு நூலும் இந்தப் பொருளற்ற குறியின் ஆற்றலை ஆராய்ந்தன. 2010இல் வெளிவந்த கிம் வாக்னரின் நூல், காலராவை ஊரைவிட்டு விரட்டும் சடங்காக இது தொடங்கியிருக்கலாம் என்று வாதிடுகிறது. தொடக்கம் எதுவாயினும், ஓட்டத்துக்குக் காரணம் கண்ணிகளே. ஒரு சௌகிதாரின் கண்ணில், மற்றொரு சௌகிதார் ஓடிவந்து தந்த பொருள் கடமையின் சாயலைக் கொண்டிருந்தது. அதைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வதைவிடக் கடத்திவிடுவது பாதுகாப்பானது.

ஓம்படைக்கிளவியின் பசு மீண்டும் தோன்றுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். பசுப் பாதுகாப்பு இயக்கம் வலுத்த 1893ஆம் ஆண்டுக் கலவரங்களின்போது, இன்றைய கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் சங்கிலிக் கடிதங்கள் உலவின. 1917இல் பக்ரீத்தை ஒட்டிப் பீகாரின் ஷாகாபாத் மாவட்டத்தில் இசுலாமியருக்கு எதிராகப் பெரும் வன்முறை நிகழ்ந்தபோது ‘பதியா’ எனப்பட்ட இக்கடிதங்கள் ஊர் ஊராகப் பரவின. குறித்த நாளில் திரண்டு வந்து தாக்கு, இதைப் படியெடுத்து அடுத்த ஊர்களுக்கு அனுப்பு, தவறினால் பசுவைக் கொன்ற பாவம் உன்னைச் சேரும் என்பது அவற்றின் சாரம். ஞானேந்திர பாண்டேயின் ஆய்வுகள் இவற்றை விரிவாகப் பேசுகின்றன. ஒரு காலத்தில் கோயில் நிலத்தைக் காக்க எழுதப்பட்ட அதே பாவம், இங்கே அண்டை வீட்டைக் கொளுத்தும் ஏவலுக்கு முத்திரையாயிற்று. எழுதியவர் பெயர் கடிதத்தில் இல்லாததால் பொறுப்பும் எவரிடமும் இல்லை. படியெடுத்தவர் தாம் வெறுமனே படியெடுத்ததாக எண்ணிக்கொள்ளலாம்.

வினாப்பட்டியலின் வழிமரபு இதிலிருந்து வேறானது, மென்மையானது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் வரவேற்பறைகளில் ‘ஒப்புதல் ஏடு’ என்றொரு பொழுதுபோக்கு இருந்தது. அச்சிட்ட வினாக்களுக்கு விருந்தினர் தம் கைப்பட விடை எழுத வேண்டும். 1865இல், மூலதனத்தின் முதல் தொகுதி வெளிவர இரண்டாண்டுகள் இருக்கும்போது, கார்ல் மார்க்ஸ் தம் மகளுக்காக இத்தகைய வினாக்களுக்கு விடை தந்தார். பிடித்த நிறம் சிவப்பு, பிடித்த உணவு மீன், பிடித்த வேலை புத்தகம் குடைவது, எளிதில் மன்னிக்கத்தக்க குறை ஏமாளித்தனம் என்பன அவற்றுள் சில. ஏறத்தாழ 1886இல் பாரிசில், பதின்வயதுச் சிறுவனான மார்செல் புரூஸ்ட் தன் தோழி அந்துவானெத் ஃபோரின் ஆங்கில ஏட்டில் விடை எழுதினான். அந்த ஏடு 1924இல் வெளிச்சத்துக்கு வந்தது. புரூஸ்ட் உருவாக்காத வினாப்பட்டியலுக்குப் ‘புரூஸ்ட் வினாப்பட்டியல்’ என்ற பெயரே நிலைத்தது. 1993 முதல் ஓர் அமெரிக்க இதழில் அது தொடர் பகுதியாகவும் வந்தது. இந்தியப் பள்ளி, கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் கைமாற்றிக்கொள்ளும் ‘ஸ்லாம் புக்’ இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இவற்றில் சாபம் இல்லை, பெருக்கமும் இல்லை. ஏடு ஒன்றே. அது உரியவரிடம் திரும்பிச் சேரும்.

பெருக்கம் அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து வந்தது. பெருமந்தக் காலமான 1935இன் வசந்தத்தில் அங்கு ஒரு கடிதம் கிளம்பியது. ஆறு பெயர்ப் பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் பத்து சென்ட் அனுப்பு, அப்பெயரை அடித்துவிட்டு இறுதியில் உன் பெயரை எழுது, ஐந்து பேருக்கு அனுப்பு என்றது அது. சங்கிலி அறாவிடில் ஒருவருக்கு 15,625 நாணயங்கள், அதாவது 1,562 டாலர் 50 சென்ட் கிடைக்கும். கணக்கில் பிழை இல்லை. மக்கள்தொகைதான் போதவில்லை. ஆறாம் படியில் உள்ளவர் அனைவரும் முழுத்தொகை பெறச் சங்கிலி பன்னிரண்டாம் படியை எட்ட வேண்டும். அங்கே தேவைப்படுவோர் 24 கோடியே 41 லட்சத்துக்கும் மேல். அன்றைய அமெரிக்காவின் மக்கள்தொகை 13 கோடிக்கும் குறைவு. டென்வர் அஞ்சலகம் கடிதக் குவியலில் திணறியது. இந்தியாவில் இத்தகைய திட்டங்களைப் பரிசுச்சீட்டு மற்றும் பணச்சுழற்சித் திட்டங்கள் (தடை) சட்டம், 1978 தடுத்தது. பணம் கேட்காமல் பயத்தை மட்டும் கேட்ட சங்கிலிகள் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றன. தெய்வத்தின் பெயரால் வந்த அஞ்சலட்டைகளும் துண்டறிக்கைகளும் பல மாநிலங்களில் பல பத்தாண்டுகள் உலவின. படியெடுத்தவருக்குப் பரிசுச்சீட்டு விழுந்தது, கிழித்தவரின் பிள்ளை நோயுற்றது என்ற கதைகள் மொழிக்கு மொழி மாறாமல் வந்தன. அட்டையை நம்பாதவரும் அஞ்சலகத்துக்கு நடந்தனர். ஐந்தோ பத்தோ அட்டைகளின் விலை, பிள்ளையின் நலத்தோடு ஒப்பிட்டால் சிறியது.

இணைய வினாப்பட்டியல் இந்த இரு மரபுகளின் கலப்பு. வினாக்களை ஒப்புதல் ஏட்டிலிருந்தும் பெருக்கத்தைச் சங்கிலிக் கடிதத்திலிருந்தும் அது எடுத்துக்கொண்டது. தண்டனையை மட்டும் மாற்றியது: பாவத்தின் இடத்தில் கூச்சம் வந்தது. அழைத்தவர் பெயரறியாதவர் அல்லர், நண்பர். அழைப்போ பலர் முன்னிலையில் வந்தது. விடை எழுதாதவர் நட்பை மதியாதவர் ஆவார். ஆங்கிலத்தில் இப்பட்டியல்களை ‘மீம்’ என்றே அழைத்தனர். ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976இல் படைத்த அச்சொல், கருத்துகள் தம்மைத் தாமே படியெடுத்துக்கொள்வதாக எண்ண வைக்கிறது. அதில் படியெடுக்கும் கை மறைந்துபோகிறது. முணுமுணுப்பு அந்தக் கையை மீண்டும் காட்டுகிறது. உழைப்பு என்னுடையது, நேரம் என்னுடையது, நான் இதற்கு ஒப்பவில்லை என்பதே அதன் பொருள்.

எல்லாச் சங்கிலியும் தீங்கன்று. 2014இல் பனிநீர் வாளிச் சவால் ஒரு நரம்பு நோய்க்கான அமெரிக்க அமைப்புக்கு 11.5 கோடி டாலர் ஈட்டித்தந்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே ஐதராபாத்தில் அது அரிசி வாளிச் சவாலாக மாறியது. தண்ணீரைத் தலையில் கொட்டுவதற்கு மாறாக, ஒரு வாளி அரிசியை வறியவருக்குக் கொடு என்றது அது. இங்கே முணுமுணுப்பு செயலாகவே மாறி, கட்டளையைத் திருத்தி எழுதியது.

ஆனால் 2018ஆம் ஆண்டு இரு எச்சரிக்கைகளைத் தந்தது. அவ்வாண்டு ஏப்ரலில், ஆளுமையறியும் வினாப்பட்டியல் செயலி ஒன்றின் வழியே 8.7 கோடிப் பயனர்களின் தரவு கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா நிறுவனத்தின் கைக்குச் சென்றிருக்கலாம் என்று முகநூல் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் அச்செயலியை நிறுவியவர் 335 பேர். அவர்களின் நட்பு வட்டத்தால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர் 5,62,120 பேர். நண்பரின் பெயரை எழுத வேண்டிய தேவைகூட இங்கே இல்லை. முணுமுணுக்க வாய்ப்பே இன்றிச் சங்கிலி அவர்களைக் கோத்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று மகாராட்டிரத்தின் துலே மாவட்டத்து ரைன்பாடாவில், பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியை நம்பிய கூட்டம் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐவரை அடித்துக் கொன்றது. நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கொலைகள் நிகழ்ந்த பின், அம்மாதமே வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் கடத்த முடியாதபடி வரம்பு கட்டியது. 1935இல் குறைந்தபட்சக் கடமையாக இருந்த ஐந்து, 2018இல் உச்சவரம்பாயிற்று. 2020 ஏப்ரலில், பலமுறை கடத்தப்பட்ட செய்திகளுக்கு அது ஒன்றாகச் சுருங்கியது.

இவ்வரலாற்றை எழுதுவோர்க்குச் சான்றுகளிலேயே ஒரு சாய்வு உண்டு. ஆவணக்காப்பகத்தில் இருப்பவை கடத்தப்பட்டவையே. சப்பாத்தியை அடுத்த ஊருக்கு அனுப்பாமல் வீட்டிலேயே தின்றுவிட்ட சௌகிதார் இருந்திருப்பார். பதியாவை அடுப்பில் போட்ட கணக்குப்பிள்ளை இருந்திருப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் வருமோ என்ற அச்சத்தோடே அஞ்சலட்டையைக் கிழித்த தாய் இருந்திருப்பார். அவர்களிடம் வந்து நின்றுபோனதால் எதுவும் பதிவாகவில்லை. ஆகவே சங்கிலிகளின் வரலாறு கீழ்ப்படிந்தோரின் வரலாறாகவே எஞ்சுகிறது. மக்கள் எதையும் நம்பிவிடுவர் என்ற முடிவும் அதிலிருந்து எளிதாகப் பிறக்கிறது. வினாப்பட்டியலுக்கு முன்னுரையாக எழுதப்பட்ட அந்த மூன்று பத்தி அங்கலாய்ப்பு இங்குதான் மதிப்புப் பெறுகிறது. கீழ்ப்படிந்தவரும் ஐயத்தோடுதான் கீழ்ப்படிந்தார் என்பதை அவர் கையாலேயே சொல்லும் அரிய ஆவணம் அது. பட்டியலின் விடைகளைப் பலரும் சேமித்துவைத்திருக்கிறார்கள். சேமிக்க வேண்டியது முன்னுரைகளையே.