ஜைமி லெர்னர்

ஜைமி லெர்னர் (17 டிசம்பர் 1937 – 27 மே 2021) பிரேசில் நாட்டுக் கட்டடக் கலைஞர், நகரத் திட்டமிடுநர், அரசியல்வாதி. தாம் பிறந்த குரிடிபா நகரத்துக்கு மூன்று முறை மேயராகவும், அதைத் தலைநகராகக் கொண்ட பரனா மாநிலத்துக்கு இரண்டு முறை ஆளுநராகவும் இருந்தார். பெருஞ்செலவில்லாமல், சில ஆண்டுகளுக்குள், ஒரு நகரத்தின் அன்றாட வாழ்க்கையை மாற்ற முடியும் என்று செய்து காட்டியதே அவருடைய தலையாய பங்களிப்பு.

இளமையும் கல்வியும்

போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் லெர்னர் பிறந்தார். பரனா கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்று 1964-இல் பட்டம் பெற்றார். அப்போது குரிடிபா வேகமாகப் பெருத்துக்கொண்டிருந்தது. 1970-இல் மக்கள்தொகை 6 லட்சத்தை எட்டியது. பிரெஞ்சுத் திட்டமிடுநர் ஆல்ஃபிரட் அகாஷ் 1943-இல் வகுத்த பழைய திட்டம் இந்த வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கவில்லை. 1965-இல் புதிய திட்டமும், அதை நடைமுறைப்படுத்த நகரத் திட்டமிடல் ஆய்வு நிறுவனமும் உருவாயின. இளம் கட்டடக் கலைஞர்கள் பலரோடு லெர்னரும் இதில் பங்கேற்றார். பிறகு அந்நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தார். நகரம் நாலாபுறமும் கண்டபடி பரவாமல், சில நெடுஞ்சாலை அச்சுகளை ஒட்டியே வளர வேண்டும் என்பது திட்டத்தின் சாரம்.

மேயர் பதவி

பிரேசிலில் இராணுவ ஆட்சி நடந்த காலம் அது. மாநிலத் தலைநகரங்களுக்கு மேயர்கள் நியமிக்கப்பட்டனர். 1971-இல் லெர்னர் நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 33. 1975 வரையிலும், மீண்டும் 1979 முதல் 1983 வரையிலும் அப்பொறுப்பில் இருந்தார். மக்களாட்சி திரும்பிய பின், 1985 மேயர் தேர்தலில் தோற்றார். 1988-இல் 12 நாள் பிரசாரத்திலேயே வென்று, 1989 முதல் 1992 வரை மூன்றாம் முறை பதவி வகித்தார்.

பூக்களின் தெரு

1972 மே மாதம், 'பூக்களின் தெரு' எனப்படும், நகரின் முதன்மைக் கடைத்தெருவான நவம்பர் 15 தெருவில் வாகனங்களை நிறுத்தி, நடப்பவர்களுக்கென்றே ஒதுக்கினார். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தனர். வழக்கு வந்தால் வேலை நின்றுவிடும் என்பதால், மாதக்கணக்கில் நடக்க வேண்டிய பணி வார இறுதியில், 72 மணி நேரத்தில் முடிக்கப்பட்டது. கார் ஓட்டிகள் சிலர் தெருவை மீட்கப்போவதாகக் கிளம்பியபோது, நகராட்சி அங்கே நீளமான தாள்களை விரித்துக் குழந்தைகளைப் படம் வரைய அழைத்தது. விரைவிலேயே, தங்கள் பகுதிக்கும் இதை நீட்டிக்குமாறு வணிகர்களே கேட்டார்கள்.

பேருந்துப் போக்குவரத்து

சுரங்க ரயில் அமைக்கக் குரிடிபாவிடம் பணம் இல்லை. எனவே ரயிலின் வேகத்தைப் பேருந்துக்குக் கொடுக்கும் வழியை லெர்னர் குழுவினர் தேடினர். 1974-இல் சாலையின் நடுவே பேருந்துக்கெனத் தனித்தடம் அமைந்தது. அதன் இருபுறமும் உள்ளூர் வாகனங்களுக்கான தெருக்கள். ஒரு தெரு தள்ளி, விரைவுப் போக்குவரத்துக்கு ஒருவழிச் சாலைகள். இந்த அச்சுகளை ஒட்டி மட்டும் உயரமான கட்டடங்களுக்கு அனுமதி தரப்பட்டதால், பயணிகள் வாழும் இடத்தை ஒட்டியே பேருந்தும் ஓடியது.

1991-இல் குழாய் வடிவக் கண்ணாடி நிறுத்தங்கள் வந்தன. பயணிகள் உள்ளே நுழையும்போதே கட்டணம் செலுத்தி, பேருந்துத் தளத்தின் உயரத்திலேயே காத்திருப்பார்கள். படி ஏறவோ, நடத்துநருக்காக நிற்கவோ வேண்டியதில்லை. நிறுத்தத்தில் வீணாகும் நேரம் இதனால் வெகுவாகக் குறைந்தது. 1992-இல் சுமார் 270 பேரை ஏற்றும், மூன்று பெட்டிகள் இணைந்த பேருந்துகள் ஓடத் தொடங்கின.

பூங்காக்களும் குப்பையும்

வெள்ளம் வரும் ஆற்றங்கரைகளைக் கான்கிரீட் கால்வாய்களாக்காமல், ஏரிகளும் பூங்காக்களுமாக மாற்றினார். 1972-இல் உருவான பரிகுயி பூங்கா அவற்றுள் முதன்மையானது. மழைநீரைத் தேக்குவதும் பொழுதுபோக்கிடமாவதும் அதன் இரட்டைப் பயன். பூங்காப் புல்லை மேய ஆடுகள் விடப்பட்டன. பழைய வெடிமருந்துக் கிடங்கு நாடக அரங்கானது. கைவிடப்பட்ட கல்குவாரியில் 1992-இல் எஃகுக் குழாய்களாலான கம்பி இசையரங்கு எழுந்தது.

குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்கும் திட்டம் 1989-இல் தொடங்கியது. குப்பை வண்டி நுழைய முடியாத குடிசைப் பகுதிகளில், மக்கள் சேகரித்துக் கொண்டுவந்த குப்பைக்குப் பேருந்துச் சீட்டுகள் தரப்பட்டன. 1991 முதல், மறுசுழற்சிக்குரிய 4 கிலோ பொருளுக்கு 1 கிலோ காய்கனி வழங்கப்பட்டது. சுற்றுவட்டார விவசாயிகளிடம் மிகுந்த விளைச்சலை நகராட்சி வாங்கி இதற்குப் பயன்படுத்தியது. இதனால் தெரு சுத்தமானது, ஏழை வீட்டு அடுப்புக்குக் காய் கிடைத்தது, விவசாயிக்கும் சந்தை அமைந்தது.

ஆளுநர் பதவியும் விமர்சனங்களும்

1994, 1998 தேர்தல்களில் வென்று, 1995 முதல் 2002 வரை பரனா ஆளுநராக இருந்தார். மாநில வங்கியை விற்றதும், மின்நிறுவனத்தைத் தனியார்மயமாக்க முயன்றதும் பலத்த எதிர்ப்பைக் கிளப்பின. மின்நிறுவன விற்பனை கைகூடவில்லை. முதல் இரு மேயர் காலங்களின் முடிவுகள், மக்களைக் கலக்காமல் இராணுவ ஆட்சியின் நிழலில் எடுக்கப்பட்டவை என்பது ஆய்வாளர்களின் முக்கியமான குறை. பேருந்து அச்சுகளை ஒட்டிய நிலத்தின் விலை ஏறியதால், ஏழைகள் அண்டை நகராட்சிகளுக்கு நகர நேர்ந்தது என்பதும் நியாயமான விமர்சனமே.

தாக்கம்

2002 முதல் 2005 வரை பன்னாட்டுக் கட்டடக் கலைஞர் ஒன்றியத்தின் தலைவராக இருந்தார். உரிய இடத்தில் செய்யும் சிறு தலையீடு நகரம் முழுவதற்கும் உயிரூட்டும் என்ற கருத்தை 'நகர அக்குபஞ்சர்' என்ற நூலில் விளக்கினார். 2000-இல் தொடங்கிய, கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவின் பேருந்துத் திட்டத்துக்குக் குரிடிபாவே முன்மாதிரி. தனித்தடம், முன்கட்டணம், தளத்தோடு சமமான நிறுத்தம் ஆகிய மூன்றும் இன்று பல கண்டங்களில் பின்பற்றப்படுகின்றன. லெர்னர் 83-ஆம் வயதில் குரிடிபாவிலேயே காலமானார். பணம் குறைந்த நகரங்களுக்கும் நல்ல போக்குவரத்து எட்டக்கூடியதே என்ற நம்பிக்கையைத் திட்டமிடுநர்களிடம் விதைத்தவர் என்ற வகையில், நவீன நகரத் திட்டமிடல் வரலாற்றில் அவருக்கு நிலையான இடமுண்டு.