என்ஜினுக்குக் காற்று ஊட்டிய கதை

இப்போது கார் வாங்கப் போனால், கடைப் பையன் முதலில் சொல்வதே "சார், இது டர்போ" என்பதுதான். டர்போவும் சூப்பர்சார்ஜரும் ஒன்றா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நான் மெக்கானிக் இல்லை, குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இரண்டுக்கும் பொதுவாக 'சுராலிமாந்தாசியோன்' என்பார்கள். அளவுக்கு மேல் ஊட்டுவது என்று அர்த்தம். வயிறு நிறைந்த பிள்ளைக்கு அம்மா இன்னும் ஒரு வாய் ஊட்டுவது போலத்தான். என்ஜின் தானாக உறிஞ்சும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. அழுத்தித் திணித்தால், அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டிச் சிறிய என்ஜினிடம் பெரிய வேலை வாங்கலாம். திணிக்கும் சக்தியை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

மூத்தது சூப்பர்சார்ஜர். அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற காற்று ஊதி, முதலில் உலைகளுக்குப் பயன்பட்டது. என்ஜினுக்குக் காற்றைத் திணிக்கும் யோசனைக்கு 1885இல் காட்லீப் டைம்லரும், 1902இல் பிரான்சில் லூயி ரெனோவும் காப்புரிமை பெற்றார்கள். 1921இல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் 'கம்ப்ரெசர்' கார்களை வைத்தது. ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால்தான் ஊதி வேலை செய்யும். அப்போது வீறிடும் சத்தம் தெருவையே திரும்பிப் பார்க்க வைக்கும். ஊதியைச் சுற்றுவது என்ஜினேதான். மிதித்தவுடன் பலம் கிடைக்கும். ஆனால் வருமானத்தில் ஒரு பங்கு தரகருக்குப் போவது போல, என்ஜின் தன் சக்தியில் ஒரு பகுதியை அதற்கே கொடுத்தாக வேண்டும். அதனால் அது பணக்காரர் காரிலும் பந்தயக் காரிலுமே தங்கிவிட்டது.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி வேறு விதமாக யோசித்தார். எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வீணாகப் போகிறதே, அதைக் கொண்டே ஊதியைச் சுற்றினால் என்ன? 1905இல் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் பொறியாளர் ஒகுஸ்த் ராத்தோ, விமான என்ஜினில் இதைப் பொருத்திப் பார்த்தார். 1918இல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் ஒரு விமான என்ஜினைச் சுமார் 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்துக்கு லாரியில் ஏற்றிச் சென்றார். கீழே 350 குதிரைசக்தி தந்த என்ஜின் மேலே 230தான் தந்தது. டர்போவை மாட்டியதும் 356!

இதன் பயன் நமக்கும் புரியும். ஊட்டியின் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரண என்ஜின் அங்கே திணறும், டர்போ அந்தக் குறையை ஈடு செய்யும்.

டர்போ முதலில் கப்பலுக்கும் லாரிக்கும்தான் போனது. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரோலே கார்வேர் என்று இரண்டு பெட்ரோல் கார்களில் வந்தது. ஜெட்ஃபயருக்குத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனியே ஊற்ற வேண்டும். பலர் மறந்தார்கள், கார் நிலைக்கவில்லை.

1977இல் ரெனோ, பார்முலா ஒன் பந்தயத்தில் டர்போ காரை இறக்கியது. அடிக்கடி புகை விட்டு நின்றதால் 'மஞ்சள் தேநீர்க் கெண்டி' என்று கேலி செய்தார்கள். 1979இல் திழோன் நகரில் ஜான்-பியேர் ழபூய் அதே டர்போவோடு ஜெயித்தார். காரும் பிரெஞ்சு, ஓட்டியவரும் பிரெஞ்சுக்காரர், மண்ணும் பிரான்சு! அதே காலத்தில் மெர்சிடிஸ், பெழோ கம்பெனிகளின் டர்போ டீசல் கார்களும் வந்தன. எண்ணெய் நெருக்கடியும் பின்னால் வந்த புகைக் கட்டுப்பாடுகளும் சிறிய என்ஜினைத் தேட வைக்க, டர்போ சாதாரணக் காருக்கும் இறங்கி வந்தது.

டர்போவுக்கும் குறை உண்டு. புகை வேகம் பிடித்த பிறகே சுழலி சுற்றும். மிதித்த பிறகு ஒரு கணம் காத்திருக்க வேண்டும். இப்போது சுழலியைச் சிறிதாக்கி அதையும் வெகுவாகக் குறைத்துவிட்டார்கள்.

அன்றாடம் ஓட்டும் காருக்கு என் கணக்கில் டர்போதான் சரி. ஆனால் அந்தச் சுழலி நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் சுற்றுவது. எண்ணெய்தான் அதன் உயிர். கம்பெனி சொன்ன எண்ணெயை ஊற்றுங்கள், சொன்ன தேதியில் மாற்றுங்கள். மலை ஏறி நிறுத்தும்போது ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணையுங்கள். வேகமாக நடந்து வந்தவன் திண்ணையில் சற்று உட்காருவது போல அதற்கும் மூச்சு ஆற வேண்டும்.