தாத்தா பெட்டியில் இருந்த ‘கரு’

ஹாலிஎலைக்கு மேலே எங்க லயத்து வீட்டில், கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கு. நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே தாத்தா போயிட்டார். பெட்டியை மட்டும் அப்பாயி யாரையும் தொட விட்டதில்லை. போன லீவுக்கு நான் கெம்பஸிலிருந்து வந்தப்பதான், “வரலாறு படிக்கிறேங்கிற, இதையும் கொஞ்சம் படி”ன்னு சாவியைக் கையில தந்தாங்க.

உள்ளே ஆங்கிலத்தில் சில காகிதங்கள், தமிழில் ஒரே ஒரு கடிதம். தமிழ்க் கடிதம் லேசா இருக்கும்னு நினைச்சு அதை முதல்ல எடுத்தோம். தங்கச்சியும் நானும் ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டியும் நாலு வரிக்கு மேல நகரல. புள்ளி வைக்காத எழுத்து. ‘ர’ எது, கால் எது, ‘ர்’ எது, ஒண்ணும் விளங்கல. ‘எ’வும் ‘ஏ’யும் ஒண்ணு. நடுவில் தெளிவா இருந்தது ஒரே சொல்: ‘கரு’. தாத்தாவோட அம்மா ஊரிலிருந்து சொல்லி எழுதவச்ச கடிதம் அது. ஊர்ல யாரோ மாசமா இருக்காங்கன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம்.

அடுத்த டிவிஷன்ல ஓய்வு பெற்ற ஒரு கணக்கப்பிள்ளை இருக்கார். அவர்கிட்ட கொண்டு போனோம். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுச் சிரிச்சார். “தம்பி, அது எழுத்து இல்ல, இலக்கம்.” ௧ என்றால் ஒன்று, ௫ என்றால் ஐந்து. ௧௫, பதினைந்து. அதுக்கு முன்னால நாங்க கிறுக்கல்னு விட்ட அடையாளம் ௹, ரூபாய். அதாவது, நீ அனுப்பிய பதினைந்து ரூபாய் கிடைச்சதுன்னு அம்மா மகனுக்கு எழுதியிருக்காங்க.

தமிழ் இலக்கங்கள் நம்ம எழுத்துகளைப் போலவே இருக்கிறதுதான் சிக்கல். ௨ பார்க்க ‘உ’, ௭ பார்க்க ‘எ’, ௮ பார்க்க ‘அ’. கடிதத்தின் உச்சியில் இருந்த ‘உ’ மட்டும் இரண்டு இல்ல, பிள்ளையார் சுழி. தேதியிலும் சுருக்கக் குறிகள்தான்: வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳. வருஷம் ‘நந்தன’ன்னு இருந்துச்சு. தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் என்பதால் அது 1892ஆகவும் இருக்கலாம், 1952ஆகவும் இருக்கலாம். 1892இல் தாத்தாவே பிறக்கல. ஆக, 1952 ஆடி மாதம்.

‘லை’, ‘னை’ எல்லாம் முன்னாடி யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவோட எழுதப்பட்டவை. பெரியார் 1935இலேயே மாத்திப் பயன்படுத்தத் தொடங்கிய எழுத்துகளைத்தான் 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏத்துக்கிட்டது. லை, னை, றா, னா என்று மொத்தம் 13 எழுத்து. நாங்க பள்ளிக்கூடம் போன காலத்துப் புத்தகமெல்லாம் புது எழுத்துதான். அதனால தாத்தாவுக்குத் தண்ணி பட்ட பாடா இருந்த எழுத்து எங்களுக்குச் சித்திரம் மாதிரி தெரிஞ்சது.

இது நமக்கு மட்டும் வந்த வினை இல்ல. ஜெர்மனியில் ‘குரெண்ட்’ என்ற சாய்வான கையெழுத்துதான் பல நூற்றாண்டாகப் பழக்கம். அதில் ‘எ’ ஒலிக்கான எழுத்து ‘என்’ போலவே தெரியும். ‘யு’வும் அப்படியே தெரிவதால் அதன் தலையில் ஒரு வளைகோடு போடுவாங்க. அதை எளிமையாக்கி சூட்டர்லின் என்பவர் உருவாக்கிய வடிவத்தை 1915 முதல் பிரஷ்யப் பள்ளிகளில் கற்பிச்சாங்க. 1941இல் நாஜி அரசு ஒரே உத்தரவில் இவற்றைப் பள்ளியிலிருந்து எடுத்துட்டுது. இன்னைக்குத் தன் பூட்டியின் கடிதத்தை வாசிக்க விரும்பும் ஜெர்மன்காரர் தனியா வகுப்புக்குப் போகணும். அங்கே முதல்ல வாசிக்கச் சொல்லித் தர்றதில்ல, அந்த எழுத்தைக் கையால எழுதிப் பழகச் சொல்றாங்க. கை பழகினா கண்ணும் பழகுமாம்.

ஜெர்மனியிலிருந்து 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழைக் கத்துக்கிட்டதும் இப்படித்தான்: பிள்ளைகளோட உக்காந்து மணல்ல விரலால எழுதி. (அவர் ஹாலே நகருக்கு எழுதிய கடிதங்கள் பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கு, நம்ம ஆட்களைப் பற்றிய செய்திகளை வாசிக்கணும்னா நாமளும் அதைப் படிக்கணும். அது வேற கதை.) நாங்களும் பழைய கொப்பியில் கடிதத்தை வரி வரியா அப்படியே பார்த்து எழுதினோம். மூணாம் நாள் ‘ர’வும் காலும் பிரிஞ்சு தெரிஞ்சது.

அந்தப் பழக்கத்தோட ஆங்கிலக் காகிதத்துக்குப் போனோம். பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி ஒண்ணு, கூட்டெழுத்தில். சொந்த ஊர்னு இருந்த இடத்தை தங்கச்சி ‘ஃபுரையூர்’னு வாசிச்சா. அப்படி ஒரு ஊரே இல்ல. அதே பக்கத்தில் தோட்டத்துப் பேருக்குப் பக்கத்துல ‘டீ எஸ்டேட்’ இருந்துச்சு. அந்த ‘டி’யும் இந்த ‘எஃப்’பும் ஒரே இழுப்பு. அப்போ ஊர் துறையூர், திருச்சிப் பக்கம்.

இந்த விண்ணப்பம்தான் கடிதத்தைத் திரும்ப எடுக்க வச்சுது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நம்ம ஆட்களை நாடற்றவர்களாக்கினது தெரியும். 1949இன் 3ஆம் இலக்கச் சட்டப்படி விண்ணப்பிக்க 1951 ஆகஸ்ட் வரைதான் அவகாசம். கல்யாணமாகாதவர் 1946க்கு முன்னாடி பத்து வருஷம் தொடர்ந்து இங்கே இருந்ததா காட்டணும், கல்யாணமானவருக்கு ஏழு வருஷம். சின்ன வயசுல சித்தப்பாவோட வந்த தாத்தாவும் விண்ணப்பிச்சிருக்கார். 1952இல் பதில் வரல, காத்துக்கிட்டு இருந்த நேரம். இங்கேயே நிரந்தரமா இருக்கிறவன்னு நிரூபிக்க வேண்டிய நேரத்துல ஊருக்குப் பணம் போகுதுன்னு தெரிஞ்சா என்ன ஆகும்? “ஊர்ல சொந்தம் இருக்குன்னே பலபேர் வெளியில சொல்லமாட்டாங்க”ன்னார் கணக்கப்பிள்ளை.

எங்க குடும்பத்துல ஒரு பேச்சு உண்டு: தாத்தா ஊரையும் பெத்தவளையும் மறந்துட்டு வந்தவர், ஒரு சதம் அனுப்பினதில்லைன்னு. அப்பாவே அதைக் கோவமா சொல்லிக் கேட்டிருக்கேன். மறைச்சுத்தான் அனுப்பியிருக்கார்ங்கிறது என் ஊகம். ஆனா பதினைந்து ரூபாய் ஊகம் இல்ல. இவ்வளவு பயந்தும் விண்ணப்பம் தள்ளுபடியானதுதான் மிச்சம். அந்தக் காகிதமும் பெட்டியில் இருக்கு. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும்னு பிரிச்சப்ப நாங்க எப்படி இந்தப் பக்கம் நின்னோம்னு காட்டுற காகிதங்களை இன்னும் வாசிச்சு முடிக்கல.

அன்னைக்கு ராத்திரி கடிதத்தை முழுசா அப்பாயிக்கு வாசிச்சுக் காட்டினேன். ரெண்டாந்தரமும் வாசிக்கச் சொன்னாங்க. அப்புறம் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாங்க: “இதை இப்ப வெளியில சொல்லலாமாய்யா?”