எபிசோட் 37: இதுல கண்ண எங்க வைக்கணும்?

டிசம்பரில் நான் ஒரு ஸ்மார்ட் டெலஸ்கோப் வாங்கினேன். அதில் எடுத்த ஓரியன் நெபுலா படத்தைப் பார்த்துவிட்டு, "எப்படி செட் பண்றது ப்ரோ, முதல்ல எதைப் பாக்கணும்" என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். ஆனால் இது வரலாற்று பாட்காஸ்ட் என்பதால் நேர்வழியில் போகப்போவதில்லை. ஒரே ஒரு நட்சத்திரத்தைத் தேடிப் போன கதை வழியாகச் சொல்கிறேன். 1867 ஜனவரியில், நம்ம நுங்கம்பாக்கத்தில் வேலை பார்த்த ஒருவர் கண்டுபிடித்த நட்சத்திரம் அது.

அவர் பெயர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பத்திலிருந்து வந்து, மதராஸ் வானாய்வகத்தில் முதல் உதவியாளர் வரை உயர்ந்தவர். நட்சத்திரத்தின் பெயர் ஆர் ரெட்டிகுலி.

முதலில் கருவி. பெரிய டிபன் கேரியர் அளவுக்கு ஒரு பெட்டி. 50 மில்லிமீட்டர் லென்ஸ், 250 மில்லிமீட்டர் குவியத்தூரம், பின்னால் கேமரா சென்சார், உள்ளே இரண்டு மோட்டார், ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். கண் வைத்துப் பார்க்கிற ஐபீஸ் கிடையாது. பார்ப்பதெல்லாம் போனில்தான். முக்காலியை மட்டமாக நிறுத்தி, போனில் வைஃபை இணைத்தால், ஆப் முதலில் கேட்பது லொகேஷன் பர்மிஷன்.

யோசிக்காமல் 'அலோ' கொடுப்போம் இல்லையா? அங்கேயே கொஞ்சம் நிற்போம். மதராஸ் பூமியில் சரியாக எங்கே இருக்கிறது என்பதை, குறிப்பாகத் தீர்க்கரேகையை, கண்டுபிடிக்க ஜான் கோல்டிங்ஹாம் வருடக்கணக்காக வியாழனின் நிலாக்கள் கிரகணமாவதைக் கவனித்து நேரம் குறித்துக்கொண்டிருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டியதன் முக்கியக் காரணமே அதுதான். கப்பல் ஓட்டவும் நிலம் அளக்கவும் ஓர் ஊரின் இடம் நம்பகமாகத் தெரிய வேண்டும். ஓர் இரவு மேகம் வந்தால் அடுத்த கிரகணத்துக்குக் காத்திருக்க வேண்டும். நமக்கு ஒரு நொடி.

அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. 15 அடி உயரம். தமிழிலும் தெலுங்கிலும்கூட அதில் எழுத்து வெட்டியிருக்கிறது. ஆயிரம் வருடம் கழித்து வருகிறவர்களும் ஆசியாவில் கணித அறிவியல் எப்போது நடப்பட்டது என்று தெரிந்துகொள்ளட்டும், நட்டது பிரிட்டிஷாரின் தாராளம் என்பது அதன் சாரம். எனக்கு அதைப் படித்ததும் சுருக்கென்றது. தூண் நட்ட நாளில் இந்த ஊரில் பஞ்சாங்கக்காரர்கள் கிரகணத்தைக் கணித்துக்கொண்டுதானே இருந்தார்கள்? கோபம் நியாயம்தான். ஆனால் ரகுநாதாச்சாரியின் வாழ்க்கை அந்தக் கோபத்தை விடச் சிக்கலானது. அதற்கு வருகிறேன்.

என் முதல் முயற்சி வேளச்சேரியில், வாடகை வீட்டு மொட்டை மாடியில். பொங்கலுக்கு முந்தின வாரம். குப்பையையும் டயரையும் கொளுத்த போகி வரைக்கும் காத்திருக்காத தெரு எங்களுடையது. ரெட்டிகுலம் தென்கோடி நட்சத்திரக் கூட்டம். சென்னையிலிருந்து பார்த்தால் அந்த நட்சத்திரம் உச்சத்துக்கு வரும்போதே தெற்கு அடிவானத்திலிருந்து 14 டிகிரிதான் இருக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அது சுமார் 10 டிகிரி. ஒன்றரை முஷ்டி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மாடியில் அந்த ஒன்றரை முஷ்டிக்குள் பக்கத்து வீட்டுத் தண்ணி டேங்க், ஒரு செல்போன் டவர், மிச்சத்துக்குப் புகை. போதாக்குறைக்கு, இரும்புக் கைப்பிடி பக்கத்தில் வைத்ததால் கருவியின் காம்பஸ் குழம்பிவிட்டது. நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். அரை மணி நேரம் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு, போதுமான நட்சத்திரங்கள் தெரியவில்லை என்று ஆப் கையை விரித்தது.

இதே ஊரிலிருந்துதான் ரகுநாதாச்சாரி அதைக் கண்டுபிடித்தார். அன்று மின்விளக்கு கிடையாது என்பது பெரிய உதவி. ஆனாலும் 14 டிகிரி 14 டிகிரிதான்.

சரி, போதுமான நட்சத்திரங்கள் எதற்கு? இதுதான் எனக்கு இந்தக் கருவியிலேயே பிடித்த விஷயம். கருவி மோட்டாரால் குத்துமதிப்பாக ஒரு பக்கம் திரும்பி ஒரு படம் எடுக்கும். அதில் இருக்கிற புள்ளிகளின் அமைப்பை வைத்து, 'நான் வானத்தில் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று கண்டுபிடிக்கும். பிளேட் சால்விங் என்பார்கள். ஷஸாம் பாட்டைக் கண்டுபிடிக்கிற மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அஸ்ட்ரோமெட்ரி டாட் நெட் என்ற திட்டத்தில் டஸ்டின் லாங், டேவிட் ஹாக் குழு 2010-ல் வெளியிட்ட வழி ரொம்ப அழகு. நான்கு நட்சத்திரங்களை எடு. அதில் ஒன்றுக்கொன்று அதிகத் தூரத்தில் உள்ள இரண்டை அளவுகோலாக வை. அந்த அளவில் மற்ற இரண்டும் எங்கே விழுகின்றன? நான்கு எண்கள் கிடைக்கும். படத்தைத் திருப்பினாலும் பெரிதாக்கினாலும் அந்த எண்கள் மாறாது. வானம் முழுவதுக்கும் முன்கூட்டியே தயாரித்த பட்டியலில் அதைத் தேடு. முடிந்தது. கோடிங் தெரிந்தவர்களுக்குப் புரியும், இது ஒரு ஹாஷ் டேபிள்.

ஆனால் தேடுவதற்கு ஒரு பட்டியல் வேண்டுமே? இன்றைய பட்டியல்கள் விண்கலங்கள் அளந்தவை. அதற்கு முன்னால் மனிதர்கள் ஒவ்வொரு நட்சத்திரமாக அளந்தார்கள். தென்வானத்தை அப்படி அளந்தவர் பிரான்சின் நிக்கோலா லூயி டி லக்காய். 1751-52-ல் தென் ஆப்பிரிக்கா கேப் டவுனில் உட்கார்ந்து, அரை அங்குல லென்ஸ் வைத்த ஒரு தொலைநோக்கியால் கிட்டத்தட்ட 10,000 நட்சத்திரங்கள். என்னுடைய 'சின்ன' டெலஸ்கோப்பின் விட்டத்தில் அது கால் பங்கு. அந்தப் பக்கத்து வானத்துக்குப் பெயர் வைக்கும்போது மனிதர் புராணத்துக்குப் போகவில்லை. தன் மேஜை மேல் இருந்ததையே வைத்துவிட்டார். ரெட்டிகுலம் என்பது ஐபீஸுக்குள் அளவெடுக்கப் பயன்பட்ட குறுக்குக் கோடுகளின் வலை. அதன் பக்கத்துக் கூட்டத்தின் பெயர் ஹோரோலோஜியம், ஊசல் கடிகாரம்.

வலையும் கடிகாரமும். மதராஸில் ரகுநாதாச்சாரி தினமும் செய்த வேலையே அந்த இரண்டும்தான். மெரிடியன் சர்க்கிள் என்ற கருவி வடக்கு தெற்காக மட்டும்தான் அசையும். வானம் சுழன்று நட்சத்திரம் தானாக அதன் முன்னால் வர வேண்டும். ஐபீஸில் தெரியும் ஒவ்வொரு கோட்டையும் நட்சத்திரம் கடக்கும் நொடியைக் கடிகாரத்தோடு சேர்த்துக் குறிக்க வேண்டும். பிறகு பகலில் மணிக்கணக்காகக் கணக்கு. அப்படித்தான் அங்கே டி. ஜி. டெய்லர் 11,015 நட்சத்திரங்களின் பட்டியலை 1844-ல் முடித்தார். அடுத்து 1861-ல் நார்மன் போக்சன் வந்தார். நட்சத்திரப் பிரகாசத்தை நாம் மேக்னிட்யூட் கணக்கில் சொல்கிறோமே, ஒரு படிக்கு 2.512 மடங்கு என்ற அந்த விகிதம் அவர் 1856-ல் முன்வைத்தது. வந்த வருடமே மதராஸிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து 'ஏசியா' என்று பெயர் வைத்தார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். போக்சனின் மகள் இசிஸ் போக்சன் 1873-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். பதவியின் பெயர் என்ன தெரியுமா? கம்ப்யூட்டர். கணக்குப் போடுகிறவர். 1886-ல் ராயல் அஸ்ட்ரானமிகல் சொசைட்டிக்கு அவர் பெயரை முன்மொழிந்தபோது, சாசனத்தில் 'அவன்' என்றுதான் எழுதியிருக்கிறது, பெண்ணைச் சேர்க்க முடியாது என்றார்கள். சேர்த்தது 1920-ல்.

அதே சொசைட்டி 1872-லேயே ரகுநாதாச்சாரியைச் சேர்த்திருந்தது. ஆர் ரெட்டிகுலி ஒரு மாறொளி விண்மீன். சுமார் 280 நாட்களுக்கு ஒரு முறை பிரகாசமாகி, மங்கி, திரும்ப வரும். உச்சத்தில் மேக்னிட்யூட் 7-ஐ ஒட்டி இருக்கும். அடிமட்டத்தில் 14-க்குப் போய்விடும். அதாவது 600 மடங்குக்கு மேல் வித்தியாசம். 'ஆர்' என்ற எழுத்துக்கும் அர்த்தம் உண்டு. ஒரு நட்சத்திரக் கூட்டத்தில் முதலில் கண்டுபிடிக்கும் மாறொளி விண்மீனுக்கு ஆர் என்றுதான் தொடங்குவார்கள். அந்த வலைக்குள் இப்படி ஒன்று இருக்கிறது என்று முதலில் கவனித்தவர் அவர்.

இனி அந்தச் சிக்கல். இவ்வளவும் தெரிந்தவர் பஞ்சாங்கத்தைத் தூக்கிப் போடவில்லை. பழைய வாக்கியக் கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை, கண்டதை வைத்துத் திருத்துவோம் என்று வாதாடினார். திருத்திய பஞ்சாங்கத்தை வெளியிடவும் செய்தார். நம் வீட்டு காலண்டரில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பார்க்கிறோமே, அதில் திருக் என்றால் பார்வை. பார்வைக்கு ஒத்துவரும் கணிதம். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அது ஏன் நடக்கிறது என்று நம் மக்களுக்காக ஒரு சிறுநூலும் எழுதினார், ஒரு பண்டிதரோடு நடக்கும் உரையாடலாக. 1880-ல் இறந்துவிட்டார். தூணில் எழுதியவர்கள் அறிவை யாரோ கொண்டுவந்து நட்டதாக நினைத்தார்கள். இவரோ இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது வானத்தோடு ஒத்துவருகிறது என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். விளாத்திகுளம் பக்கம், கரிசல் காடு. டெலஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இரவு முழுக்க வந்ததைத் தனி எபிசோடாகச் சொல்லலாம். தை அமாவாசைக்கு முந்தின ராத்திரி, களத்து மேட்டில் முக்காலியை வைத்தேன். இங்கே அந்த நட்சத்திரம் 18 டிகிரி ஏறும். தெற்கே தூத்துக்குடி வெளிச்சம் அடிவானத்தில் லேசாக மஞ்சள் பூசியிருந்தது; அதற்கு மேலே சுத்தமான இருட்டு.

ஆச்சி கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தாள். கருவியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுல கண்ண எங்கய்யா வைக்கணும்?"

"கண்ணு வைக்க வேண்டாம் ஆச்சி. போன்ல வரும்."

"அப்ப நீ பாக்கல. அதுல்லா பாக்குது."

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆப்பின் 'இன்றிரவு பாருங்கள்' பட்டியலில் ஆர் ரெட்டிகுலி கிடையாது. ஓரியன், ஆண்ட்ரோமீடா, கார்த்திகை என்று ஹிட் பாடல்கள் மட்டும். ஆயத்தொலைவுகளைக் கையால் போட வேண்டியிருந்தது: 4 மணி 33 நிமிடம், கழித்தல் 63 டிகிரி. ஒன்பது மணிக்குக் கருவி தெற்கே திரும்பித் தலையைத் தாழ்த்திக்கொண்டது. ஒரு படம், சின்னத் திருத்தம், இன்னொரு படம். இடம் சிக்கிவிட்டது.

அப்புறம் ஸ்டாக்கிங். பத்துப் பத்து நொடிப் படங்களாக எடுத்து, நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அடுக்குகிறது. நூறு படம் அடுக்கினால் இரைச்சலோடு ஒப்பிடும்போது ஒளி பத்து மடங்கு தெளிவாகும். நூறு ஆகிற வரை நானும் ஆச்சியும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பனி இறங்கியது, லென்ஸ் ஹீட்டரைப் போட்டேன். மறக்காதீர்கள், மார்கழி, தை மாதங்களில் இது இல்லாவிட்டால் கால் மணி நேரத்தில் படம் மங்கிவிடும். ஆச்சி தென்கிழக்கே கையைக் காட்டி, "அது அகத்தியருல்லா" என்றாள். ஆமாம், கனோபஸ். வழி தெரிய எனக்கு ஆப் வேண்டியிருந்தது, அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

படத்தின் நடுவில், வெள்ளைப் புள்ளிகளுக்கு இடையில், ஆரஞ்சு நிறத்தில் ஒன்று. வரைபடத்தோடு மூன்று முறை ஒத்துப் பார்த்தேன். அதுதான்.

இங்கே கருவியின் வேலை முடிந்துவிட்டது. அது எவ்வளவு பிரகாசம் என்று ஆப் சொல்லாது. பக்கத்தில் இருக்கிற, பிரகாசம் தெரிந்த நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, 'இதைவிட மங்கல், அதைவிடக் கொஞ்சம் தூக்கல்' என்று நானேதான் முடிவு செய்ய வேண்டும். ஆச்சியிடம் போனை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இந்தச் செவலை, மேல இருக்குறத விட மங்கலுதான். கீழ உள்ளதுக்குச் சமம்னு சொல்லலாம்."

நான் கீழே உள்ளதைவிடக் கொஞ்சம் பிரகாசம் என்று நினைத்திருந்தேன். நோட்டில் தேதி, நேரம் போட்டு, இரண்டு மதிப்பீட்டையும் தனித்தனியாக எழுதிவைத்தேன்.

அது அதே நிலைக்குத் திரும்ப 280 நாள். எண்ணிப் பார்த்தால் அக்டோபர் கடைசி, ஐப்பசி அடைமழை. டிசம்பரில்தான் திரும்பப் போக முடியும். ஆச்சிக்காக ஒரு பைனாகுலர் இரவல் கேட்டிருக்கிறேன்; அகத்தியரை அவள் கண் வைத்தே பார்க்கட்டும்.