பட்டாட்டாவும் கடன் வாங்கிய குளிரும்

மும்பைக்கு மாற்றலாகி வந்த முதல் வாரத்தில் நான் கற்றுக்கொண்ட மராத்தி இரண்டே சொல். காந்தா, பட்டாட்டா. இதில் இரண்டாவது மராத்தியே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. கரீபியன் தீவுக்காரர்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு வைத்திருந்த பெயர் அது. ஸ்பானியர், போர்ச்சுகீசியர் வாய்க்குள் புகுந்து, வழியில் கிழங்கே மாறிப்போய், கொங்கணக் கரையில் வந்து இறங்கிவிட்டது. வடக்கே ஆலு என்கிறார்கள். நாம் உருவத்தைப் பார்த்து உருளை என்று சொல்லிவிட்டோம்.

இந்த ஊர் உருளைக்கிழங்கில் ஓடுகிறது என்று சொன்னால் மிகையில்லை. தாதர் ஸ்டேஷன் வாசலில் 1966-இல் அசோக் வைத்யா என்பவர் வடா பாவை முதலில் விற்றார் என்று பொதுவாகச் சொல்வார்கள். மாட்டுங்காவில் மசால் தோசை, தாராவியில் சமோசா, செம்பூர் கேம்ப்பில் சிந்திக்காரர்களின் ஆலு டுக் என்று எங்கே திரும்பினாலும் அதே கிழங்குதான். ஆனால் நகரத்துக்குள் ஒரு செடி கிடையாது. அத்தனையும் லாரியில் வாஷி மார்க்கெட்டுக்கு வந்து, மாத்தாடித் தொழிலாளர்களின் முதுகில் இறங்கி, அங்கிருந்து ஊருக்குள் பிரிகிறது. ஆக்ரா மூட்டை, இந்தூர் மூட்டை, குஜராத்தின் டீசா மூட்டை. மழைக்காலம் முடியும்போது புனே பக்கத்துக் கிழங்கும் வரும். எந்த மாதம் போனாலும் மூட்டை இருக்கும்.

விஷயமே இந்த 'எந்த மாதம் போனாலும்' என்பதில்தான் இருக்கிறது. இந்தியாவின் உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குளிர்காலப் பயிர். அக்டோபர், நவம்பரில் நட்டு ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் தோண்டி எடுத்துவிடுகிறார்கள். மூன்று மாதத்தில் வரும் கிழங்கைப் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். தோண்டி முடித்ததும் தொடங்குவதோ சித்திரை வெயில். பாதிக்கு மேல் தண்ணீராக இருக்கும் ஒரு பொருளை 45 டிகிரி வெயிலில் எங்கே வைப்பீர்கள்?

இதே கேள்வி அமெரிக்காவின் ஐடஹோ விவசாயிக்கு எழவே இல்லை. அங்கே அறுவடை செப்டம்பர், அக்டோபரில். தோண்டி முடித்ததும் வருவது பனி. தரையைப் பாதி ஆழம் வெட்டி, மேலே மரச்சட்டம், வைக்கோல், மண் என்று போட்டு மூடினால் கிடங்கு ரெடி. கிழங்கு கெட்டுப்போகுமே என்பதைவிட உறைந்துவிடுமே என்பதுதான் அவர்கள் கவலை. பல இடங்களில் உள்ளே அடுப்பு வைத்துச் சூடு காட்டியிருக்கிறார்கள்! இப்போது கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் காற்றோட்டம் வந்துவிட்டது. ஆனாலும் குளிரில் பெரும் பகுதி இயற்கை இலவசமாகக் கொடுப்பது. நமக்கு அதே குளிர் கரண்ட் பில்லில் வருகிறது.

ஒரு காலத்தில் அமெரிக்கா அந்தக் குளிரையே நமக்கு விற்றது. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டூடர் ஏரியில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, 1833-இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் அனுப்பினார். பம்பாய்க்கும் மதராஸுக்கும் தொடர்ந்து வந்தது. மெரினாவில் பின்னாளில் விவேகானந்தர் தங்கிய ஐஸ் ஹவுஸ் அந்தப் பனிக்கட்டிக்காகக் கட்டியதுதான். அது துரைமார்களின் கிளாஸுக்குப் போனது. கிழங்குக்குக் குளிர் கிடைக்க இன்னும் நூறு வருஷம் ஆக வேண்டியிருந்தது.

(நம்ம நீலகிரி இதில் சேராது. மலையில் வருடத்துக்கு மூன்று போகம் உருளை. ஒரு போகம் முடியும்போது அடுத்தது மண்ணுக்குள் இருக்கும். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் புதுக்கிழங்காகவே வரும், சேமிக்க வேண்டிய தொல்லை இல்லை. ஊட்டிக் கிழங்குக்கு அம்மா தனி மரியாதை கொடுத்ததன் காரணம் இதுவாக இருக்கலாம். ஆனால் 1961-இல் அங்கே நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. மலைக்கிழங்கை விதையாக வெளியே அனுப்புவதற்கும் கட்டுப்பாடு வந்தது.)

பம்பாய் மாகாணத்துக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனே அருகே கேட் பகுதியில் உருளை பெரிய பயிர். விதைக்கிழங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? இத்தாலியிலிருந்து, கப்பலில். காரணம் மறுபடியும் அதே வெயில்தான். நம் கிழங்கை அடுத்த பருவம் வரை விதைக்கு வைத்துக்கொள்ள முடியவில்லை. இத்தாலி விதையோடு 1906 வாக்கில் கிழங்கு அந்துப்பூச்சியும் இலவச இணைப்பாக இறங்கிவிட்டது. மரநிழலில் குவித்து வைத்த கிழங்கை உள்ளிருந்தே குடைந்து தின்றது. புனே விவசாயக் கல்லூரியின் ஹரால்ட் மான் குழுவினர் இந்தப் பகுதி உருளைச் சாகுபடியை ஆராய்ந்து 1920களின் தொடக்கத்தில் தனி அறிக்கையே வெளியிட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1949-இல் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் பாட்னாவில் தொடங்கி, 1956-இல் சிம்லாவுக்குப் போனது. அங்கே புஷ்கர்நாத் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது என் பார்வையில் பசுமைப் புரட்சிக் கதைகளில் சேர்க்க வேண்டிய ஒன்று. விதைக்கிழங்கைக் கெடுப்பது வைரஸ். அதைப் பரப்புவது அசுவினிப் பூச்சி. சமவெளியில் அக்டோபரிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை இந்தப் பூச்சி மிகக் குறைவு. அந்த இடைவெளியில் பயிரை வளர்த்து, பூச்சி பெருகுமுன் செடியை வெட்டிவிட்டால் சமவெளியிலேயே நல்ல விதை கிடைக்கும், மலையை நம்பியிருக்க வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை. ஜனவரியில் எடுத்த விதையை அடுத்த அக்டோபர் வரை குளிரில் வைக்க வேண்டும்.

அதன் பிறகு உத்தரப் பிரதேசத்திலும் வங்காளத்திலும் கோல்ட் ஸ்டோரேஜ்கள் காளான் மாதிரி முளைத்தன. 1964-இல் அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் கீழ் குளிர்கிடங்குகளுக்கு லைசென்ஸ் முறை வந்தது. வங்காளம் 1966-இல் தனிச் சட்டமே போட்டது. மத்திய உத்தரவை 1997-இல் எடுத்துவிட்டார்கள். 1949-50இல் சுமார் 15 லட்சம் டன்னாக இருந்த விளைச்சல் இன்று 6 கோடி டன்னைத் தொடுகிறது. நாட்டில் 8,000-க்கும் மேற்பட்ட குளிர்கிடங்குகள் இருக்கின்றன. அவற்றில் பெரும் பங்கு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது நம் கிழங்குதான்.

என் கட்டாயக் கிராமப் பணி ஆக்ரா பக்கம் வாய்த்தது. ஈட்டுக் கடனுக்கு மூட்டைகளைச் சரிபார்க்க மே மாத வெயிலில் ஸ்வெட்டரோடு போவேன், ஊரே சிரிக்கும். உள்ளே இருட்டு. மூக்கில் அம்மோனியா. மரச்சட்டத்தில் நாலைந்து மாடி உயரத்துக்கு மூட்டைகள், ஒவ்வொன்றிலும் மையால் போட்ட எண். ஒரு ஆள் டார்ச் பிடிக்க, இன்னொருவர் குரங்கு மாதிரி மேலே ஏறி எண்ணைக் கத்துவார். நான் லிஸ்டில் டிக் அடிப்பேன். பி.காம். படிக்கும்போது 'ஸ்டாக் வெரிஃபிகேஷன்' என்பதை நான் இப்படிக் கற்பனை செய்திருக்கவில்லை. :-)

அங்கேதான் கிழங்கைக் கணக்காகப் பார்க்கப் பழகினேன். உதாரணத்துக்கு ஒரு கணக்கு, எண்கள் என் கற்பனை. மார்ச்சில் குவிண்டால் 600 ரூபாய் என்று வையுங்கள். கிடங்கு வாடகை 250. கோணி, ஏற்றுகூலி 48. மார்ச்சில் விற்றிருந்தால் கையில் இருந்திருக்கும் அந்த 600-க்கு, 12 சதவீதத்தில் ஏழு மாத வட்டி 42. ஆக 940. உள்ளே நூற்றுக்கு ஐந்து கிலோ எடை போகும். அப்படியானால் அக்டோபரில் 990 ரூபாய் கிடைத்தால்தான் மார்ச்சில் விற்றதற்குச் சமம். லாபமே இல்லாமல் விலை ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏற வேண்டும். ஏறாமல் 200 ரூபாய்க்கு இறங்கினால்? வாடகை கட்டி எடுத்தால் கையில் இருந்து 50 போகும். அதனால் விவசாயி வருவதே இல்லை. நவம்பரில் அடுத்த பருவத்துக்குக் கிடங்கைக் காலி செய்ய வேண்டிய முதலாளி, கிழங்கை ரோட்டில் கொட்டுகிறார். 'விவசாயி உருளையைத் தெருவில் வீசினார்' என்று பேப்பரில் படிக்கும்போது, பல சமயம் அவர் அதற்கு முன்பே அதைக் கைகழுவியிருப்பார். 2018 ஜனவரியில் லக்னோ சட்டசபை வாசலில் கொண்டுவந்து கொட்டினார்கள், அது கோபம். மூன்று வருடம் ஆவதற்குள், 2020 அக்டோபரில் விலை எகிறி, பூடானிலிருந்து இறக்குமதி செய்ய அரசு அனுமதித்தது.

அந்த 2020 மாதிரி வருடத்தில் யார் சம்பாதிப்பது? அக்டோபரில் ரசீது யார் கையில் இருக்கிறதோ அவர். வங்காளத்தில் கிடங்கு ரசீதுக்குப் பெயரே 'பாண்ட்'. மூட்டை உள்ளேயே தூங்கும், பாண்ட் கைமாறிக்கொண்டே இருக்கும். பெண் கல்யாணம், உரக்கடைப் பாக்கி என்று விவசாயி ஏப்ரல், மே மாதத்திலேயே பாண்டை விற்றுவிடுவார். காத்திருக்க வசதி உள்ளவன் வாங்கி வைப்பான். அந்த வசதியை விவசாயிக்குக் கொடுக்கத்தான் ஈட்டுக் கடன். ஆனால் வங்கியிலிருந்து கிடங்கு முதலாளி கடன் வாங்கி, அதையே கூடுதல் வட்டிக்கு விவசாயிக்குக் கொடுப்பதும் நடக்கிறது. விவசாயிகள் பெயரில் கடன், பணம் வேறொருவர் பையில் என்று வங்கிகள் சூடுபட்ட கதைகளும் உண்டு. 2007-இல் கிடங்குச் சட்டம் வந்து, மாற்றத்தக்க ரசீது, பிறகு மின்னணு ரசீது எல்லாம் வந்துவிட்டது. குளிர்கிடங்குகளில் பெரும்பாலானவை இன்னும் அதற்குள் வரவில்லை.

காகிதக் கிழங்கு அமெரிக்காவையும் விடவில்லை. 1976 மே மாதம் நியூயார்க் மெர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்சில் மெய்ன் மாநில உருளைக்கு முன்பேர ஒப்பந்தம் விற்றவர்கள், கெடு நாளில் கிழங்கைக் கொடுக்கவில்லை. ஏறக்குறைய ஆயிரம் ஒப்பந்தம், ஒவ்வொன்றும் 50,000 பவுண்டு. விற்ற பெருந்தலைகளில் ஒருவர் ஐடஹோவின் ஜே. ஆர். சிம்ப்ளாட். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, உருளையிலேயே கோடீஸ்வரர் ஆனவர். அபராதமும் சில வருட வர்த்தகத் தடையும் விழுந்தன. மனிதர் அதனால் ஏழையாகிவிடவில்லை.

ஏனென்றால் அவருடைய அசல் பணம் வேறு இடத்தில் இருந்தது. 1940களில் அவர் கம்பெனி வேதியியலாளர் ரே டன்லப், பொரித்த உருளையை உறையவைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1967 வாக்கில் மெக்டொனால்ட்ஸின் ரே கிராக்கோடு கைகுலுக்கியே ஒப்பந்தம் முடிந்ததாம். கிழங்கைக் கிழங்காகச் சேமிக்காமல் பொரியலாகவே சேமிப்பது! முளை விடாது, சுருங்காது, எடை குறையாது.

அந்தக் கடை 1996-இல் மும்பைக்கும் டெல்லிக்கும் வந்தபோது நம் கிழங்கு பொரிக்க உதவவில்லை. இங்கே குளிரின் இன்னொரு முகம் தெரிகிறது. 2 முதல் 4 டிகிரியில் வைத்தால் முளை விடாது, ஆனால் கிழங்கின் மாவு சர்க்கரையாக மாறும். அக்டோபரில் வாங்கிய உருளை தித்திக்கிறது, வறுவல் கருகிவிட்டது என்று வீட்டில் புலம்பல் கேட்டிருப்பீர்கள். சமைத்தவர் மேல் பிழை இல்லை, கிடங்கின் வேலை அது. சிப்ஸுக்கும் ஃபிரெஞ்ச் ஃபிரைஸுக்கும் 10 டிகிரியை ஒட்டி வைத்து, முளைக்காமல் இருக்க மருந்துப் புகை காட்ட வேண்டும். நாம் ஐம்பது வருடமாகக் கட்டியதோ 4 டிகிரிக் கிடங்குகள். சர்க்கரை குறைந்த சிப்சோனா ரகங்களை சிம்லா நிலையம் 1998-இல் வெளியிட்டது. குஜராத்தில் மேசானா பக்கம் கனடாவின் மெக்கெய்ன் ஆலை போட்டது. 2023-24இல் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் உறைந்த ஃபிரைஸை இந்தியா ஏற்றுமதி செய்திருக்கிறது.

குஜராத்தில் இந்தக் கிழங்குகள் பெரும்பாலும் ஒப்பந்தப் பயிர். நடும் முன்பே விலை எழுதிவிடுவார்கள். காத்திருக்கும் வேலை கம்பெனியுடையது. ஆனால் விதையும் கம்பெனியுடையது. 2019-இல் பெப்சிகோ தன் எஃப்.சி.-5 ரகத்தை அனுமதியின்றிப் பயிரிட்டதாகச் சபர்காண்டா விவசாயிகள் மேல் வழக்குப் போட்டு, தலைக்கு ஒரு கோடிக்கு மேல் கேட்டது. நாடே கொதித்ததும் மே மாதம் வாபஸ். 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவு ரத்தானது. 2024 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அந்த ரத்தைத் தள்ளுபடி செய்தது. 2001 சட்டம் விவசாயிக்குக் கொடுத்திருக்கும் விதை உரிமையை நான் அந்தக் கம்பெனியைவிடப் பெரிதாக நினைக்கிறேன். ஆனால் 990 ரூபாய்க் கணக்கைப் போட்டுப் பார்த்தவனாக, அந்த ஒப்பந்தத்தில் ஏன் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதும் புரிகிறது.

எனக்குத் தெரிந்த டீசாக்காரர் ஒருவர் பாதி நிலத்தில் கம்பெனிக் கிழங்கும், மீதியில் சாப்பாட்டுக் கிழங்கும் போடுகிறார். சென்ற முறை கடன் விஷயமாக வந்திருந்தார். கம்பெனிப் பாதிக்கு அவர் ஒரு பைசா கேட்கவில்லை. மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை மற்றப் பாதியைப் பிடித்து வைக்கத்தான் கேட்டார்.